கேமராவுக்கு முன்னால் யார் நிற்பது

போன வாரப் பயிற்சியில் உங்களில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் அங்கேயே பதில் சொல்லவில்லை. இல்லங்களில் வளரும் பிள்ளைகளின் கஷ்டத்தை வீடியோ எடுத்துப் போட்டால் நாலு பேர் கண்ணில் படும், உதவி வரும், முகத்தை மங்கலாக்கிவிட்டால் தப்பில்லைதானே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் எடுக்கிறார்கள். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டீர்கள், நேரம் நிறைய இருக்கிறது, அதனால் எழுதியே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். நான் இந்த வேலைக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கேள்வியால்தான்.

நம் வேலைக்கு அலுவலகத்தில் அட்வகசி என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் கடைசி வரை 'பரிந்து பேசுவது' என்றுதான் சொல்லி வந்தேன். அடுத்தவருக்காகப் பேசுவது சுலபம் போலத் தெரியும். எந்த இடத்தில் பேச வேண்டும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் திருச்சியில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். எப்படி அங்கே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்தேன். அங்கே யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. சோறு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஒரு வார்டன் இருந்தார். பதினெட்டு வயது முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி. எந்த ஊர், யார் வீட்டுப் பெண்?

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தேன். முதல் நாளே கேஷியர் ஊரைக் கேட்டார். வரும் வழியில் பார்த்த ஒரு பஸ்ஸின் பலகை மனதில் நின்றிருந்தது. உப்பிலியபுரம் என்று சொல்லிவிட்டேன். அப்பா விவசாயி, காலமாகிவிட்டார், அம்மாவும் இல்லை, கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஒன்று சொன்னால் இன்னொன்று தானாக வந்துவிடும்.

ஒரு முறை நிஜமாகவே உப்பிலியபுரத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை எடுக்க வந்தது. கூட வேலை பார்த்த பெண்கள் ஆசை ஆசையாக என்னை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிறுத்தினார்கள். அந்த வீட்டம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "எந்தத் தெரும்மா நீ?" என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஸ்டாக் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த ஊருக்கே போனேன். கடைவீதி, பள்ளிக்கூடம், தூரத்தில் பச்சைமலை எல்லாவற்றையும் பார்த்துத் தெருப் பெயர்களைப் பாடம் செய்துகொண்டு திரும்பினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அப்படி இல்லை.

பிறகு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். வீட்டுக்காரம்மா கணவரை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில். அந்தச் சாலையில் அமாவாசை என்றால் விடிவதற்கு முன்பே கூட்டம் வந்துவிடும். எல்லோரும் காவிரியில் முழுகி, செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போவார்கள். ஒரு ஆடி அமாவாசைக்கு வீட்டுக்காரம்மா, "உங்கப்பாவுக்கு எந்த மாசம் திதி?" என்று கேட்டார். நான் ஆவணி என்று சொல்லி ஒரு நாளையும் சொன்னேன். அந்த வருஷத்திலிருந்து ஆவணியில் அந்த நாள் வந்தால் அவரே வாழைக்காய் வாங்கி வருவார், வடை தட்டுவார், என்னோடு மாடிக்கு வந்து காக்கைக்குச் சோறு வைப்பார். இல்லாத அப்பாவுக்காக இருவரும் காக்கை வரும்வரை வெயிலில் காத்திருப்போம். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் வருஷத்தில் அந்த ஒரு நாள் யாரோ என்னோடு சேர்ந்து காத்திருக்கிறார்கள் என்பதும் பிடித்திருந்தது.

இப்படியே முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டேன். கடையில் பட்டுப் புடவைப் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டுக்காரம்மாவிடம் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

ஒரு கார்த்திகை மாதம் விடாமல் மழை பெய்ததில் இல்லத்தின் பின்பக்கக் கூரை இடிந்து விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். என்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, மனிதர்கள் இருக்கக் கூடாத கட்டடம் என்று சொல்லிவிட்டார். வேறு இடம் கிடைக்கும்வரை பிள்ளைகளை முன்பக்கத்தில் நெருக்கி வைத்திருந்தார்கள். இல்லத்தை நடத்தி வந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. எடுத்துக் கட்டத் தெம்பில்லை, மூடிவிடுகிறோம் என்றார்கள். பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டியது குழந்தைகள் நலக் குழு. திருச்சியில் எந்த இல்லத்திலும் இடமில்லை. பக்கத்து மாவட்டங்களில் அங்கே இரண்டு, இங்கே மூன்று என்றுதான் இருந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஒரு பத்தாம் வகுப்புப் பெண். கல்பனா என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் விட்டு யூனிபார்மோடு, புத்தகப் பையோடு, அவ்வளவு பெரிய கடைக்குள் தனியாக வந்து, பட்டுப் பிரிவு எது என்று கேட்டுக் கேட்டு மாடியேறி என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கள நாலு ஊருக்குப் பிரிச்சு அனுப்பப் போறாங்களாம்க்கா. எங்களுக்கு இந்த வருஷம் பப்ளிக் எக்ஸாம்" என்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. இல்லத்தை மூட விட மாட்டேன், ஊரைக் கூட்டிப் பணம் சேர்த்தாவது அந்தக் கூரையைப் போட வைக்கிறேன் என்று என்னென்னவோ பேசினேன். அவள் நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு சொன்னாள்:

"அந்தக் கட்டடம் வேணாம்க்கா. மழை வந்தாலே பயமா இருக்கு. பரிட்சை முடியுற வரைக்கும் எங்கள ஒண்ணா, இதே ஸ்கூல்ல விட்டாப் போதும். அப்புறம் எங்க வேணாலும் அனுப்பட்டும்."

இதை மறக்காதீர்கள். நான் காப்பாற்றப் பார்த்தது நான் வளர்ந்த வீட்டை. அவள் கேட்டது அது இல்லை. அவளுக்குப் பரீட்சை எழுத வேண்டும், பக்கத்தில் சிநேகிதிகள் இருக்க வேண்டும். நம்மைப் போல இல்லத்தில் வளர்ந்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பிள்ளையின் வாயிலிருந்து வருவதைக் கேட்கும்போது நம் பழைய ஆசை குறுக்கே வந்து நிற்கும். அதைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டும்.

மறுநாள் கடையில் லீவு சொல்லிவிட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கப் போனேன். பிள்ளைகளை எங்கே வைப்பது என்று குழுவுக்கு ஏற்பாடு செய்து தர வேண்டியவர் அவர். கண்டிப்பான பெண்மணி. சிரிக்க மாட்டார். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, நீங்கள் யார் என்றார். பிள்ளைகளுக்குத் தெரிந்தவள் என்று மட்டும் சொன்னேன்.

"அனுப்பாதீங்கன்னு சொல்ல நிறைய பேர் வர்றாங்க" என்றார். "எங்க வைக்கட்டும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. இடம் இருந்தா நான் ஏங்க வெளியூர் அனுப்பப் போறேன்? ஒரு இடம் காட்டுங்க, நான் குழுகிட்ட பேசறேன்."

அது வெறும் பேச்சு இல்லை. சுற்றுச்சுவர் வேண்டும், தண்ணீர், கழிப்பறை வேண்டும், பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த வாரம் குழு கூடும், அதற்குள் என்றார். கோபமாகப் போனவள் கையில் ஒரு வேலையோடு திரும்பி வந்தேன். அந்த அம்மாவிடம் நான் கற்றுக்கொண்டது அதுதான். அதிகாரியிடம் போகும்போது முறையீட்டோடு மட்டும் போகாதீர்கள். அவர் சரி என்று சொல்வதற்கு ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

இடம் தேடி அலைந்தேன். கல்யாண மண்டபங்களில் தை மாத முகூர்த்தங்கள் எல்லாம் பதிவாகிவிட்டன என்றார்கள். பெண்கள் விடுதிகளில், இல்லத்துப் பிள்ளைகள் என்றதும் இடம் இல்லை என்றார்கள். மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலைக்காரர் மனமுவந்து ஒரு கட்டடத்தைக் காட்டினார். நல்ல மனிதர். ஆனால் ஆலையை ஒட்டிய இடம், உமித் தூசியில் மூச்சுவிட முடியவில்லை, பள்ளிக்கூடமும் தூரம். கடைசியில் பார்த்தால் இடம் கண்ணெதிரேதான் இருந்தது. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே பழைய மாணவியர் விடுதி ஒன்று பூட்டிக் கிடந்தது. உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியைக்குக் கொடுக்க மனதிருந்தது. நிர்வாகத்தில் இருந்தவர்கள் தயங்கினார்கள். பெண் பிள்ளைகள், அதுவும் கேட்க ஆளில்லாத பிள்ளைகள், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். குழு கூடும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த நிருபர் வந்தார்.

நான் இல்லத்துக்குப் போனபோது வாசலில் அவருடைய வண்டி நின்றது. உள்ளே முற்றத்தில் பிள்ளைகள் தங்கள் பெட்டிகளையும் பைகளையும் கட்டி வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். கேமராக்காரர் ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தித் தயாராக இருந்தார். நிருபர் இளைஞர், ஒரு டிவி சேனலுக்கு வேலை பார்க்கிறவர். கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேள்விப்பட்டு மனம் பொறுக்காமல்தான் வந்திருந்தார். என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: ஒரு பெண் பேசினால் போதும். கண் கலங்கினால் இன்னும் நல்லது. சாயங்காலம் செய்தியில் வந்தால் நாளைக் காலை அந்த விடுதிக் கதவு தானாகத் திறக்கும். முகத்தை மறைத்துவிடுகிறோம்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. திறந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. கல்பனாவே முன்னால் வந்து, "நான் பேசறேன்க்கா" என்றாள்.

பிள்ளையே சம்மதிக்கிறாள், வந்தவர் நல்லவர், பலனும் கிடைக்கும். இப்படி எல்லாம் கூடி வருகிற நேரத்தில்தான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டாக் ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்ட அந்த மதியம்தான்.

கல்பனாவைத் துளசி மாடத்தின் பக்கம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன். நீ இங்கே இருப்பது உன் வகுப்பில் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். டீச்சருக்குத் தெரியும், சிநேகிதிகள் இரண்டு பேருக்குத் தெரியும் என்றாள்.

"நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். பரவாயில்லையா?"

"முகத்தத்தான் காட்ட மாட்டாங்களேக்கா."

"உன் குரல் உன் கிளாசுக்குத் தெரியாதா?"

அவள் கால் கட்டை விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப யாருக்கா பேசுவாங்க?" என்று கேட்டாள்.

நிருபரும் அதையேதான் கேட்டார். யாராவது பேச வேண்டும், ஆள் இல்லாமல் செய்தி இல்லை என்றார். நேரமாகிறது என்று கேமராக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வார்டன் பேச மறுத்துவிட்டார், அவர் வேலை அப்படி. பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் பேசுகிறேன் என்றேன்.

"நீங்க யாருங்க?" என்றார் நிருபர்.

அந்தக் கேள்விக்கு எத்தனையோ வருஷமாக வேறு வேறு பதில் சொல்லி வந்தவள் நான். கடையையும் வீட்டுக்காரம்மாவையும் நினைத்தேன்.

"நான் இந்த இல்லத்துல வளர்ந்தவங்க" என்றேன்.

கேமரா முன் நின்று பேசினேன். கூட்டிக் குறைத்து எதுவும் சொல்லவில்லை. கட்டடம் இடிந்தது உண்மை, இங்கே இருக்க முடியாது என்பதும் சரி, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை மட்டும் அதுவரை அவர்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒன்றாக வைக்க ஒரு இடம் வேண்டும், யாரிடமாவது பூட்டிக் கிடக்கிற இடம் இருந்தால் திறந்துவிடுங்கள் என்றேன். விடுதி இருந்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் மறுநாளும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தானே போக வேண்டும். நாம் கோபத்தில் ஒருவர் முகத்தில் அறைந்துவிட்டு வந்தால், அதன் பலனை அனுபவிப்பது அங்கேயே இருக்கப் போகிற பிள்ளைதான்.

அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தது எப்படி இருந்தது என்று நிருபர் கேட்டார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"அது இன்னைக்குச் செய்தி இல்லைங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு இடம் வேணும், அதுதான் செய்தி" என்றேன்.

சாயங்காலம் செய்தியில் வந்தது. மறுநாள் காலை வீட்டுக்காரம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"நீ எங்க வளர்ந்தா எனக்கென்ன? ஆனா உங்கப்பா திதின்னு வருஷா வருஷம் என்னை வடை தட்ட வச்சியே, அதச் சொல்லு" என்றார்.

அவர் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாட்கள் என்னோடு பேசவில்லை.

கடையில் முதலாளி கூப்பிட்டு, முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று ஒரு வார்த்தை கேட்டதோடு சரி. சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள், சிலர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மதியம் ஸ்டாக் ரூமில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தபோது வசந்தா வந்தாள். எனக்குப் பக்கத்துக் கவுண்டரில் பல வருஷமாக நிற்கிறவள். அம்மா கையால் வைத்த மீன் குழம்பைப் பற்றி ஓயாமல் பேசுவாள். கதவைச் சாத்திவிட்டு, அடுக்கிய புடவைகள் மேலேயே உட்கார்ந்தாள்.

"எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு இல்லம்க்கா" என்றாள்.

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் அவள் ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து எத்தனை புடவை மடித்திருப்போம். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அவளுக்கு அழுகை வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. எனக்கும்தான். எனக்கென்று ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது, அது எனக்குப் பக்கத்திலேயே நின்று புடவை விற்றுக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செய்தியைப் பார்த்து இல்லத்துப் பிள்ளைகள் அங்கே படிப்பதை அறிந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகள் சிலர் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்திருக்கிறார்கள். நம்ம ஹாஸ்டல் பூட்டித்தானே கிடக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள், பொறுப்பான ஒரு பெண்மணி பிள்ளைகளோடு தங்க வேண்டும். அதிகாரி எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன்.

"இடம் கிடைச்சிடுச்சு. வார்டனுக்கு உடம்பு முடியல, ஊருக்குப் போறாங்க. பரிட்சை வரைக்கும் தங்க யாரு இருக்கா?" என்றார்.

நான் தங்குகிறேன் என்றேன். அவர் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. கடை வேலையை என்ன செய்வீர்கள், ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் என்ன செய்வீர்கள், ஒரு மாதம் கழித்து முடியவில்லை என்று போய்விட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு புரிந்தது, அந்தப் பிள்ளைகளுக்காக இப்படிக் கறாராகக் கேட்கிறவர் ஒருவராவது இருப்பது நல்லதுதான். விசாரித்துத் திருப்தியான பிறகே என்னைக் குழுவின் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். குழு சரி என்றது.

எல்லாமே சரியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகளை வெளியூர்களுக்குத்தான் அனுப்பினார்கள். பரீட்சை எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் விடுதியில் இடம் தந்திருந்தார்கள். வேன் கிளம்பும்போது அவர்கள் கையாட்டினார்கள், நாங்களும் கையாட்டினோம். அந்தப் பிள்ளைகளை ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்ப்பதற்காக நானும் வசந்தாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏற ஆரம்பித்தோம். போகிற இடத்தில் எல்லாம் எங்களைப் போல வெளியே வந்தவர்கள் யாராவது ஒருவர் தென்படுவார். அந்தப் பயணங்களிலிருந்துதான் நம் அமைப்பு வளர்ந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகம் எல்லாம் ரொம்பப் பிறகு வந்தது.

நான் வீட்டைக் காலி செய்த அன்று வீட்டுக்காரம்மா பின்கட்டுக்கு வந்தார். அதுவரை பேசாமல் இருந்தவர். ஒரு பாட்டிலில் நாரத்தங்காய் ஊறுகாயை வைத்துவிட்டு, மூட்டைகளைப் பார்த்தபடியே நின்றார்.

"பேரு தெரியாட்டி என்ன, பெத்தவங்கன்னு ரெண்டு பேரு இருந்திருப்பாங்கல்ல" என்றார். "இத்தனை வருஷம் காக்காய்க்குச் சோறு வச்சோம். அந்த நாள விட்டுடாத."

நான் விடவில்லை. அவர் இருந்தவரை ஆவணியில் அந்த நாளில் அவர் வீட்டு மாடிக்குத்தான் போவேன். இப்போது அவருக்கும் சேர்த்து வைக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்பனா இன்றைக்கு இதே மாவட்டத்தில் குடும்பமாக இருக்கிறாள், நல்ல வேலையில் இருக்கிறாள். தான் எங்கே வளர்ந்தாள் என்பதைக் கணவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், வேறு யாருக்கும் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என்றைக்காவது தோன்றினால் சொல்வாள். சொல்வதா வேண்டாமா என்பது இன்னும் அவள் கையில் இருக்கிறது. அன்று முற்றத்தில் அவளைப் பேச விட்டிருந்தால் அந்த முடிவை ஒரே சாயங்காலத்தில் நாங்கள் அவளிடமிருந்து பிடுங்கியிருப்போம். அவளுக்குப் பதினைந்து வயது. தன் சம்மதத்தால் பின்னால் என்ன வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பெரியவர்களான நமக்குத் தெரியும். பிள்ளை கேமராவுக்கு முன்னால் நின்றால்தான் காரியம் நடக்கும் என்று யாராவது சொன்னால், முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள், அங்கே நான் நிற்க முடியுமா என்று. பெரும்பாலும் முடியும். கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷத்தின் கடைசிப் பரீட்சை சமூக அறிவியல். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றேன். பங்குனி வெயில். எதிரே இருந்த புங்க மரத்தடியில் பெற்றோர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போக எனக்கு ஏனோ தயக்கமாக இருந்தது, சுவரோரமாகவே நின்றேன். மரத்தடியிலிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். இந்த ஊர்தான், இங்கே ஒரு இல்லத்தில் வளர்ந்தேன் என்றேன். யாரும் வற்புறுத்தாமல் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வெயில்ல நிக்கிறீங்களே, இப்படி வந்து உக்காருங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். அவர் மகளைப் பற்றியும், கேள்வித்தாள் எப்படி இருக்குமோ என்றும் பேசிக்கொண்டிருந்தோம். மணி அடித்துக் கதவு திறந்தது. கல்பனா ஓடி வந்தாள். முகத்தில் ஒரே கலவரம்.

"பதட்டத்துல மேப்ல காவிரிய கொண்டு போய் ஆந்திராவுல வரைஞ்சிட்டேன்க்கா."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். அப்புறம் நான். கடைசியில் கல்பனாவும் சிரித்துவிட்டாள். மற்ற பிள்ளைகளும் வந்து சேர்ந்ததும், எல்லோரையும் கூட்டிக்கொண்டு காவிரிப் பாலத்துக்கு நடந்தேன். கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். கோடைக்கு ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. அகண்ட மணலுக்கு நடுவே, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது.